பதினொரு பெற்றோரும் ஒரு கையெழுத்தும்

தேர்வு எழுதுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தீர்ந்தது. குழந்தைகளே அதைச் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தேர்வின் முடிவுக்காகக் காத்திருப்பது இருக்கிறதே, அதுதான் மனிதகுலம் இதுவரை செய்த தியாகங்களில் தலையாயது. அதற்கு நாற்பது வயதின் முதிர்ச்சி வேண்டும். எதற்கென்று தெரியாமலே கலங்கத் தெரிந்த மனம் வேண்டும். சேர்த்துவைத்த விடுப்பு வேண்டும். மலையேறியவனுக்கும் கடல் நீந்தியவனுக்கும் பதக்கம் கொடுக்கும் இந்த உலகம், காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு நாற்காலிகூடப் போடுவதில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு இரட்டைத் தகுதி உண்டு. தேர்வு வாரியத்தின் 'முடிவுகள் பிரிவில்' இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் மூத்த உதவியாளர். அதாவது, மற்ற பெற்றோரைக் காக்கவைத்தவன். இந்த ஆண்டு என் மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதியதால், காத்திருக்கும் பாக்கியமும் எனக்கே கிடைத்தது.

எழுதியது மகள் என்று சொன்னேன். அது இலக்கணப் பிழை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். "நாங்க கணக்கு நல்லா எழுதியிருக்கோம். வேதியியல்லதான் நாங்க கடைசிக் கேள்விய விட்டுட்டோம்" என்றுதான் என் மனைவி தொலைபேசியில் சொல்வாள். அந்த ஆண்டு முழுவதும் நாங்கள் தொலைக்காட்சியைப் போடவில்லை. விருந்தினரை வாசலிலேயே பேசி அனுப்பினோம். தண்ணீர்க் குழாயைக்கூடப் பாதிதான் திறந்தோம். முழுதாகத் திறந்தால் சத்தம் வரும். இத்தனை அமைதிக்கு நடுவில் மகள் மட்டும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் காற்றில் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பாள். கொசுத் தொல்லை என்று உடனே புரிந்துகொண்டேன். மறுநாளே எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தேன். தகப்பன் என்றால் குறிப்பறிய வேண்டும்.

தேர்வு முடிந்த மறுநாள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. விதி பதினேழு. 'தம் பிள்ளை தேர்வெழுதும் ஆண்டில், முடிவு வெளியாகும்வரை எந்த ஊழியரும் முடிவுகள் பிரிவுக்குள் காலடி வைக்கக் கூடாது.' நியாயமான விதி. சிக்கல் என்னவென்றால், பிரிவில் இருந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேருடைய பிள்ளைகளும் அந்த ஆண்டுதான் தேர்வு எழுதியிருந்தார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் நாற்பது நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எல்லாரும் அப்போதுதான் கல்யாணமானவர்கள். நாற்பது நாளும் வீட்டிலேயே இருந்தோம். கோரிக்கைகள் எதுவும் நிறைவேறவில்லை. ஆனால் போராட்டம் 'விளைவற்றுப்' போனது என்று யாரும் சொல்ல முடியாது.

மிஞ்சியவர் ஒருவர்தான்: ஆவணக் காப்பாளர். ஐம்பது வயது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லாருக்கும் அவர் 'ரெக்கார்டு அக்கா'. வேலைநிறுத்தத்தின் நாற்பது நாளும் அவர் வீட்டில் உட்கார்ந்து வாரியத்தின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார் என்று கேள்வி. சுற்றறிக்கை வந்த அன்று மாலை நாங்கள் பதினொரு பேரும் சாவிகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தோம். தட்டச்சர், தபால் எழுத்தர், மூத்த உதவியாளர், கண்காணிப்பாளர் எல்லாமும் அன்றிலிருந்து அவர் ஒருவர்தான்.

வெளியே வந்தோமே தவிர, எங்கே போவது? வீட்டில் காத்திருக்க வீட்டில் ஆள் இருந்தது. எனவே அலுவலகத்தின் சைக்கிள் நிறுத்தத்தில், விசாரணை ஜன்னலுக்கு நேர் எதிரே, நான்கு பெஞ்சுகளைப் போட்டுக் காத்திருக்கத் தொடங்கினோம். பழக்கதோஷம், முதல் நாளே வருகைப் பதிவேடு வைத்தோம். கண்காணிப்பாளர் தலைவரானார், நான் செயலாளர். 'பெற்றோர் காத்திருப்புக் குழு'வின் முதல் கூட்டத்தில், 'முடிவு வரும்வரை கவலைப்படுவது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"அம்மாக்களோட கவலைய தனியா எழுதுங்க சார். ரெண்டையும் ஒண்ணா சேர்த்தா எங்களுது கொறஞ்சு தெரியும்" என்றார் தட்டச்சர். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். கவலையும் இரண்டு பங்கு.

"கவலைக்கு என்ன அளவு வச்சு எழுதறது?" என்று கேட்டேன்.

"நான் நாலு கிலோ எளச்சிருக்கேன். அத எழுதுங்க."

எழுதினேன். மறுநாள் கண்காணிப்பாளர் தனக்கு ரத்த அழுத்தம் கூடியிருப்பதாக மருத்துவச் சான்றோடு வந்தார். அதற்கு மறுநாள் நான் தூக்கமின்மைக்குச் சான்று வாங்கினேன். தபால் எழுத்தர் ஒருவர்தான் எந்தச் சான்றும் கொண்டுவரவில்லை. "நீங்க கவலைப்படலையா?" என்று கண்காணிப்பாளர் விளக்கம் கேட்டார்.

"அவன் நல்லாத்தான் தூங்கறான் சார். நானும் பக்கத்துலயே தூங்கிடறேன்" என்றார் அவர். குழு இதை வன்மையாகக் கண்டித்தது.

இப்படியே ஐந்து வாரங்கள் போயின. ஆறாவது வாரம் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் முடிகிறது. மதிப்பெண் இல்லாத விண்ணப்பம் ஏற்கப்படாது. அன்று திங்கள். முடிவு வந்தபாடில்லை. ஊரில் உள்ள பெற்றோரெல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நான் செயலாளர் என்ற முறையில் ஜன்னலுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஜன்னலை நான் வெளிப்பக்கமிருந்து பார்த்ததே இல்லை. எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள்! குதிகாலைத் தூக்கி நின்றால்தான் உள்ளே இருப்பவர் முகம் தெரிகிறது.

"அக்கா, முடிவு எப்ப வரும்?"

"வரும்போது வரும்" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

"அக்கா, நான்தான்."

"நீங்கதான்னு தெரியுது. டோக்கன் எடுத்தீங்களா?"

எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். என் எண் இருநூற்றுப் பதினாறு. செவ்வாய்க்கிழமை மதியம் முறை வந்தது.

"முடிவெல்லாம் போன வாரமே ரெடி. ரெண்டு கையெழுத்து பாக்கி. சரிபார்த்தவர் கையெழுத்து ஒண்ணு, ஒப்புதல் தர்றவர் கையெழுத்து ஒண்ணு. அது இல்லாம வெளியிட முடியாது" என்றார் அக்கா.

"யாரு போடணும்?"

"சரிபார்த்தவர் இடத்துல மூத்த உதவியாளர். அவர் வேலைய நான் பாக்கலாம், அவர் கையெழுத்த நான் போட முடியாது. அந்த மேசைலதான் கோப்பு கெடக்கு. ஆளக் காணோம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆயிரமாயிரம் பிள்ளைகளின் எதிர்காலம் ஒரு பொறுப்பற்ற அரசு ஊழியனின் மேசையில் கிடப்பதா? ஜன்னலிலிருந்து திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கைகளை உயர்த்தினேன். "நம்ம பிள்ளைங்க வாழ்க்கையோட வெளையாடறான் ஒருத்தன்! கோப்ப மேசைல போட்டுட்டு எங்கயோ ஊர் சுத்தறான்!" என்று முழங்கினேன். முந்நூறு பெற்றோர் கொந்தளித்தார்கள். "மூத்த உதவியாளரே, வெளியே வா!" என்று நான் கோஷம் எழுப்ப, "வெளியே வா! வெளியே வா!" என்று கூட்டம் எதிரொலித்தது. நான்காவது முறை கத்தும்போது தபால் எழுத்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், வெளியதானே நிக்கிறீங்க."

கோஷத்தைப் பாதியில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "இவரு யாரு, நல்லா பேசறாரே" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். நான் மெதுவாகக் கூட்டத்துக்குள் கரைந்து, சைக்கிள் நிறுத்தத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். கண்காணிப்பாளர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒப்புதல் கையெழுத்து அவருடையது.

நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முடிவு என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நான் முடிவுக்காகக் காத்திருந்தேன். கோப்பு வெளியே வராது, நான் கையெழுத்துப் போட வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். உள்ளே போக வேண்டுமானால் முடிவு வெளியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தின் நடைமுறைகளில் ஓட்டை இல்லை என்று நான் பல கூட்டங்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். உண்மையிலேயே இல்லை, ஓர் எறும்பு நுழையக்கூட வழியில்லை.

வழி கண்டுபிடித்தவர் அக்காதான். புதன்கிழமை காலை விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பை ஜன்னல் வழியாகக் காட்டினார். 'ஒத்த பெயர் முதலிய காரணங்களால், தேர்வரின் உறவினர் என்று தவறாகக் கருதப்படும் ஊழியர், "உறவின்மைத் தேர்வு" எழுதித் தமக்கும் அத்தேர்வருக்கும் எவ்வித உறவும் இல்லை என்று நிறுவலாம்.' தேர்வருக்கும் ஊழியருக்கும் ஒரே பத்துக் கேள்விகள், எல்லாம் தேர்வரைப் பற்றி. தனித்தனி அறையில் எழுத வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ விடைகள் ஒத்துப்போனால் உறவு உறுதி. மூன்றுக்குக் கீழே என்றால் உறவு இல்லை, சான்றிதழ் உண்டு, உள்ளே போகலாம்.

"அப்பன்னு ஊருக்கே தெரியும். எப்படிக்கா உறவு இல்லைன்னு ஆகும்?" என்றேன்.

"ஊருக்குத் தெரிஞ்சது எனக்கு எதுக்கு? தாள்ல என்ன வருதோ அதுதான் எனக்கு."

கையெழுத்து இரண்டு பேருக்குத்தான் தேவை. ஆனால் தேர்வு என்று ஒன்று வைத்தபிறகு, அடுத்தவர் எழுதி நாம் எழுதாமல் இருப்பதா? அரை மணி நேரத்தில் பதினொரு பேரும் விண்ணப்பித்துவிட்டோம். விண்ணப்பம் கடைசியாகக் கொடுத்தவர் தபால் எழுத்தர். அதுவும் நாங்கள் வற்புறுத்தியதால்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "பெத்த பொண்ண எனக்கு யாருன்னே தெரியாதுன்னு எழுதிக் குடுக்கணும். எப்படி மனசு வரும்?"

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எழுதிக் குடுத்துடுங்க. சீட்டு கெடச்சப்பறம் மறுபடியும் அப்பாவா ஆயிக்கலாம்."

"அதில்ல. அவளப் பத்தி எனக்கு எல்லாமே தெரியுமே. தப்பா எழுதினா கை நடுங்குமே."

"அப்ப உக்காருங்க. நான் சொல்லித் தர்றேன்" என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். எனக்கு மகளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் முதலில் எழுதச் சொன்னாள். எதெது தெரியும் என்று தெரிந்தால்தானே அதையெல்லாம் தவிர்க்க முடியும்? தேர்வு எண் எழுதினேன். ஏழு இலக்கம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்று மாதிரித் தேர்வுகளின் சராசரி எழுதினேன், தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்வரை. நான் பூர்த்தி செய்து வைத்திருக்கும் பல்கலைக்கழக விருப்பப் பட்டியலின் பதினான்கு படிப்புகளையும் வரிசை பிசகாமல் எழுதினேன். பதினான்கும் கணினிதான், கல்லூரி மட்டும் வேறு வேறு.

"அப்பறம்?" என்றாள் மனைவி.

யோசித்தேன். "ரத்தப் பிரிவு" என்றேன்.

"என்ன பிரிவு?"

"பள்ளிக்கூட அட்டைல இருக்கும்."

மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தாள். நாங்கள் நோட்டுப் புத்தகத்தைச் சட்டென்று மூடினோம். "நாளைக்கு உங்க அப்பா ஒரு பரீட்சை எழுதறார்மா. நீயும் வந்து எழுதணும். சத்தம் போடாம போய்ப் படுத்துக்கோ" என்றாள் மனைவி.

"எதப் பத்திப் பரீட்சை?"

"ஒன்னப் பத்தித்தான்."

"ஓ" என்றாள் மகள். "ஆல் த பெஸ்ட்ப்பா." அவள் சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை. எனக்குத் தேர்வு நேரப் பதற்றம்.

வியாழன் காலை பத்து மணி. பிள்ளைகள் கூட்ட அறையில், நாங்கள் கேன்டீனில். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காதபடி மேசைக்கு ஒருவராக உட்கார்ந்தோம். தட்டச்சர் மூன்று பேனா கொண்டுவந்திருந்தார். இரட்டையர் என்பதால் அவருக்கு இரண்டு தாள்கள், கூடுதல் நேரம். வாசலில் எங்கள் வீட்டுக்காரர்களும் வீட்டுக்காரிகளும் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார்கள்.

கேள்வித் தாளைத் திருப்பினேன். தேர்வு எண் கேட்கப்படவில்லை. சராசரியும் கேட்கப்படவில்லை. அவற்றைக் கேட்டிருந்தால் நாங்கள் பதினொரு பேரும் தோற்றிருப்போம். அக்கா இரக்கமுள்ளவர்.

முதல் கேள்வி, தேர்வர் காலையில் எழுந்ததும் என்ன செய்வார். பொய்யாக எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். பேனா நகரவில்லை. பொய் எழுதுவதற்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் எழுந்திருக்கும்போது நான் செய்தித்தாளின் கல்விப் பக்கத்தில் இருப்பேன். 'படிப்பார்' என்று எழுதினேன். உண்மையோ பொய்யோ, நல்ல பதில்.

நான்காவது, நெருங்கிய தோழி யார். 'அப்படி யாரும் இல்லை, நேரமில்லை.' ஆறாவது, எதற்குப் பயப்படுவார். 'எதற்கும் இல்லை.' ஏழாவது கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'எந்தக் கையால் எழுதுவார்?' இதுகூடத் தெரியாதா? பத்து வருடமாகத் தினமும் எதிரே உட்கார்ந்து எழுதவைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தேன். தாள் தெரிந்தது. அதில் எழுதப்பட்ட விடை தெரிந்தது. இரண்டாம் வரியில் இருந்த கூட்டல் பிழைகூடத் தெரிந்தது. கை மட்டும் தெரியவில்லை. நான் எப்போதும் தாளைத்தான் பார்த்திருக்கிறேன்.

'வலது' என்று எழுதினேன். உலகத்தில் பெரும்பாலானவர்கள் வலதுதானே.

ஒன்பதாவது, என்ன படிக்க விரும்புகிறார். 'கணினி.' இது ஒத்துப்போய்விடுமே என்று பயமாக இருந்தாலும், இதில் பொய் எழுத மட்டும் தகப்பன் மனம் இடம் கொடுக்கவில்லை.

வாரியத்தின் வரலாற்றிலேயே மிக வேகமாக, ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. அந்த ஒரு மணி நேரம் எங்கள் குடும்பத்தினர் சைக்கிள் நிறுத்தத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒரு மூலையில் நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களின் தேர்வு என்றால் இந்தத் தலைமுறைக்கு விளையாட்டு.

அக்கா ஜன்னலில் தோன்றி வாசித்தார். தட்டச்சருக்கு ஒரு தாளில் ஒன்று, இன்னொரு தாளில் ஒன்று, தேர்ச்சி. இரட்டையரின் விடைகளை இடம் மாற்றி எழுதியிருந்தால் ஐந்து வந்திருக்குமாம். கண்காணிப்பாளருக்கு இரண்டு, மயிரிழையில் தேர்ச்சி. அவர் கண்ணீரோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பையனுக்கு என்ன செஞ்சா சந்தோஷம்னு கேட்டிருந்தாங்க. வாய்க்கு வந்த பொய்ய எழுதுவோம்னு சமையல்னு எழுதினேன் சார். அது சரியாம்! எப்ப சார் சமைச்சான்? யாருக்கு சமைச்சான்?"

"நமக்குத்தான். தினமும் ராத்திரி நீங்க சாப்பிடறதே அவன் சமைச்சதுதான்" என்று அவர் மனைவி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். "நான்தான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்கு ஏழு மணி ஆகுதே, ஒங்களுக்குத் தெரியாதா?"

தபால் எழுத்தருக்கு எட்டு. படுதோல்வி. உறவு ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. நாங்கள் அவரைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னோம். "மனச விட்டுடாதீங்க. மறுமதிப்பீட்டுக்குப் போடலாம்" என்றேன். தோற்றுவிட்டுச் சிரித்த ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன். மகனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "எந்த ரெண்டு தப்பு?" என்று அவனிடமே கேட்டபடி வாசலைத் தாண்டிப் போய்விட்டார். லட்சியமில்லாத மனிதர்.

கடைசியாக என் தாள்.

"பத்துக்கு ஜீரோ" என்றார் அக்கா. கூட்டத்தில் பலத்த கைதட்டல். மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடக்கத்தோடு ஜன்னலருகே போனேன். அக்கா இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்.

"காலைல எழுந்ததும் மாடிக்குப் போவாளாம். பின்தெருவு தையல்காரர் பொண்ணு எதிர்மாடில நிப்பாளாம். அவளுக்குக் காது கேக்காது, பேச வராது. ரெண்டு பேரும் அர மணி நேரம் கையாலயே பேசிக்குவாங்களாம். அந்தப் பொண்ணுதான் நெருங்கின தோழி." அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "படிக்க விரும்பறது, சைகை மொழி ஆசிரியர் படிப்பு. ரெண்டு வருஷமா வீட்ல பழகிட்டிருக்காளாமே, நீங்க பாத்ததில்லையா?"

"கொசுன்னு நெனச்சேன்" என்றேன்.

"பயம், 'அப்பா எதுவும் சொல்லாம தாளத் திருப்பற சத்தம்.' எழுதறது எடது கை."

சான்றிதழுக்காகக் கையை நீட்டினேன். தேர்வில் வென்றவன் அதிகம் பேசக் கூடாது.

"இந்தத் தேர்வ இதுவரைக்கும் நாலு பேர்தான் எழுதியிருக்காங்க" என்றார் அக்கா, ஏட்டைப் புரட்டி. "எல்லாரும் நெஜமாவே உறவு இல்லாதவங்க. பேரு ஒத்துப்போனதால மாட்டினவங்க. அவங்ககூட குருட்டாம்போக்குல ஒண்ணு ரெண்டு சரியா எழுதிட்டாங்க. ஜீரோ வாங்கின மொதல் ஆள் நீங்கதான்."

'எவ்வித உறவும் இல்லை' என்ற முத்திரையை அவர் ஓங்கிக் குத்தியபோது மேசை அதிர்ந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்த நடையோடு முடிவுகள் பிரிவுக்குள் நுழைந்தேன். கையெழுத்துப் போட்டேன். கண்காணிப்பாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டார். மாலை மூன்று மணிக்கு முடிவு வெளியானது. ஊரே கொண்டாடியது. காலதாமதத்துக்குக் காரணமான அந்த மூத்த உதவியாளரைக் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மகளுக்குத் தொண்ணூற்றிரண்டு சதவீதம். "மிச்சம் எட்டு எங்க?" என்று மனைவி கேட்டாள். பழக்கம்தான், கோபமில்லை.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு சின்னத் தடங்கல். நான் பூர்த்தி செய்திருந்த விண்ணப்பத்தை எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். "தந்தைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆனா வாரியத்துல இருந்து நேத்தே கடிதம் வந்திருச்சு சார். உங்களுக்கும் இந்தப் பொண்ணுக்கும் எவ்வித உறவும் இல்லையாம். மூணாம் மனுஷங்க கையெழுத்து செல்லாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

"சார், அது ஒரு சம்பிரதாயத்துக்கு..."

"சம்பிரதாயத்துக்கு யாராவது பத்துக்கு ஜீரோ வாங்குவாங்களா?" என்றார் அவர். பிறகு மகளிடம், "பதினெட்டு முடிஞ்சிருச்சுல்லம்மா? புதுத் தாள் தர்றேன். நீயே எழுதிக் கையெழுத்துப் போடு."

நான் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். மூன்று நிமிடம்தான். பதினான்கு வரி இருந்த இடத்தில் அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். அங்கிருந்து பார்க்கும்போது தாள் தெரியவில்லை. கை தெரிந்தது.

இரண்டு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது. மனைவி நான்கு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் தொலைபேசியில், "நாங்க சைகை மொழி எடுத்திருக்கோம். இப்ப அதுக்குத்தான் நல்ல எதிர்காலம்" என்று சொல்லத் தொடங்கினாள். சான்றிதழுக்கு நான் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். பதினொரு பேரில் முதலிடம். அதிலும் வாரிய வரலாற்றில் முதல் முறை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் வாயடைத்து நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

அவள் விடுதிக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். தையல்காரர் மகளும் வந்திருந்தாள். அவளும் மகளும் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயுமாக நெடுநேரம் பேசினார்கள். அத்தனை இரைச்சலிலும் அவர்களுக்குள் ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்ததும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நான் போயிட்டா அடுத்த லீவுக்குத்தான் வருவேன். என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா இப்பக் கேளுங்க. எது வேணா கேளுங்க. நான் சொல்றேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் இடது கையில் மைக்கறை இருந்தது. மனைவி என்னை இடித்தாள், "கேளுங்களேன்." கேட்க வேண்டியது ஏராளமாக இருந்தது, பதினெட்டு வருடத்துக் கேள்விகள். வண்டி உறுமியது. நான் பேருந்தோடு நான்கு எட்டு ஓடினேன். எல்லாவற்றிலும் முக்கியமானதைத் தேர்ந்தெடுத்துக் கேட்டேன்.

"முதல் செமஸ்டர் ரிசல்ட் என்னிக்கும்மா வரும்?"

முதலிடம் யாருக்கும் சும்மா கிடைத்துவிடுவதில்லை.